ஜாக்கெட் கையில் ரோஜா

ஜனவரி 5, ஞாயிறு. ராஜபாளையம்

ஆராதனை முடிந்து சாப்பிட்ட கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் சொன்னது, கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறேன் என்று. போனதோ மடவார் வளாகத்தில் ஒரு மாடியில் முனீஸ்வரி நடத்தும் எம்பிராய்டரி வகுப்புக்கு. நாற்பத்து மூன்று வயதில் பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது!

முனீஸ்வரி சின்னப் பெண். "யாருக்குக்கா ஜாக்கெட்டு? மகளுக்கா?" என்றாள்.

"எனக்கு. அடுத்த மாசம் கல்யாணம்."

ஆரி வேலை பழகிக்கொண்டிருந்த பெண்களின் கையெல்லாம் ஒரு கணம் நின்றது. முனீஸ்வரிதான் முதலில் சிரித்தாள். "அப்ப இந்த மணி, ஜரிகையெல்லாம் வேண்டாம்க்கா. புல்லியன் ரோஜா போடுவோம். தொட்டா கையில தட்டுப்படணும்."

ஊசியைத் துணியில் பாதி குத்தி நிறுத்தி, அதன் முனையில் நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு ஊசியை உருவினால் துணிமேல் ஒரு சுருள் படுக்கும். நாலைந்து சுருள்கள் ஒன்றையொன்று அணைத்துக் கிடந்தால் ரோஜா. இன்று எனக்கு வந்தது ஒரே ஒரு சுருள். ஆனால் வந்தது!

ஜனவரி 8

வீட்டில் பழகினேன். சுற்றினேன். உருவினேன். சுருள் காணாமல் போனது. மறுபடி சுற்றினேன். மறுபடியும் காணோம்.

ஜனவரி 12, ஞாயிறு

வகுப்பில் மூன்று சுருள் அழகாக வந்தன. வீட்டுக்கு வந்து போட்டால் ஒன்றுகூட நிற்கவில்லை. முனீஸ்வரியின் மாடியில் வருகிற கை இங்கே ஏன் வருவதில்லை? பயமா? இந்த வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றா?

ஜனவரி 15

பார்த்துவிட்டார்கள். எப்சி மதினி என் தலையணைக்கு அடியிலிருந்து எம்பிராய்டரி ரிங்கை எடுத்துவிட்டாள்.

"ஏட்டி ஜெனிலா, இந்த வயசுல ரோஜாப்பூவா? கோயில்ல எல்லாரும் ஒன் பூவப் பாப்பாவளா, நரைச்ச முடியப் பாப்பாவளா? ப்ளெயினாப் போடு. கௌரவமா இருக்கும். இருபத்தேழாந் தேதி டெய்லர்ட்ட துணியக் குடுத்தாகணும், சொல்லிட்டேன்."

மைக்கேல் அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கௌரவம். இத்தனை வருஷமாக எனக்கு வாய்த்ததெல்லாம் அதுதானே? வெளிர் சேலை, வெளிர் ஜாக்கெட், நூல் மில் லேபில் வேலை, கோயில் பாடகர் குழுவில் பின்வரிசை. ஒரு பூ கேட்டால் என்ன குறைந்துவிடும்? இல்லை— மதினி சொல்வதுதான் சரியோ?

ஜனவரி 19, ஞாயிறு

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும்.

வீட்டில் சுருள் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று அழாத குறையாகச் சொன்னேன். "எதுலக்கா போட்டுப் பழகுறீக?" என்றாள் முனீஸ்வரி. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா! இது புண்ணுக்குக் கட்டுற துணியாச்சே! சல்லடையில முடிச்சுப் போட்டா எப்படிக்கா நிக்கும்?"

பேண்டேஜ் துணி! அதை நெய்கிற எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிடப்பது அதுதானே. தரை துடைக்க, பால் வடிகட்ட, ஜன்னல் தூசி தட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். பழகத் துணி என்றதும் கை தானாக அதைத்தான் எடுத்தது. நாள் முழுக்க லேபில் நூலின் முறுக்கைச் சோதிக்கிறவள், துணியைப் பார்க்கவில்லை!

திருப்பிப் பார்த்தோம். என் ரோஜாக்கள் பூத்துத்தான் இருந்தன. மறுபக்கத்தில்.

ஜனவரி 21

அண்ணனின் பழைய சட்டையில் போட்டேன். நின்றது. முழு ரோஜா! கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் தெரிகிறது. மில்லுக்கு அரை மணி லேட்.

ஜனவரி 25

இனி நிஜப் பட்டு. சந்தன நிறம். பருத்தி மாதிரி இல்லை— பட்டில் குத்திய துளை மறையாது. பிரித்தாலும் வடு இருக்கும். ஒன்று போட்டால் போட்டதுதான்; பிறகு ப்ளெயின் ஜாக்கெட் என்ற பேச்சே கிடையாது.

போடவா?

ஜனவரி 26, ஞாயிறு

போட்டுவிட்டேன். வலது கையில் மூன்று ரோஜா. முதல் குத்துக்கு மட்டும் ஊசியை மூன்று தரம் எடுத்து எடுத்து வைத்தேன். பிறகு பாடிக்கொண்டே போட்டேன்.

சாயங்காலம் மதினி வந்து நின்றாள். துணியைக் கையில் எடுத்தாள். திட்டு வரும் என்று தலை குனிந்துகொண்டேன். அவள் விரல் மட்டும் பூவின் மேல் போய்ப் போய் வந்தது.

"மத்தக் கையில எங்கட்டி?"

"இன்னும் போடல."

"ஒத்தக் கையில பூவோடயா போவ? நல்லாருக்கும்! டெய்லர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன், ரெண்டு நாள் பொறுக்கட்டும். மொதல்ல காப்பியக் குடி."

பிப்ரவரி 12, புதன்

இன்று எழுத நேரமில்லை!

பிப்ரவரி 16, ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூர்

என் வீட்டுக்காரர் செல்வினுக்கு இதே ஊர்; தொழில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுவது. நாளெல்லாம் செம்புக் கம்பி சுற்றுகிறவர். கல்யாணத்தன்று கோயில் பதிவேட்டில் கையெழுத்துப் போட நான் குனிந்தபோது, என் ஜாக்கெட் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். புருஷனாக அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "எம்புட்டு நெருக்கமாச் சுத்தியிருக்கீக!" போதகர் திரும்பிப் பார்த்தார். கையெழுத்து கோணலாகிவிட்டது.

இன்று மதியம் வகுப்புக்குப் போனேன். பஸ் தேவைப்படவில்லை, நடந்தே போய்விட்டேன். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான்.