பெட்ரோல் மூடியின் நிறம்

நவ. 8, சனி

காலையில் மழை, பிறகு புழுக்கம். திருநள்ளாறு சாலையில் வெளியூர் வண்டிகள் நகரவே இல்லை. அலுவலகம் லீவு, தப்பித்தேன்.

வாசலில் கார். சுரக்குடியில் நாத்தனார் வீட்டுக் கொட்டகையில் வருடக்கணக்கில் சும்மா கிடந்து, நிறமே தெரியாமல் வெளுத்துப்போன மாருதி. இவர் கேட்டு வாங்கி வந்து, ஆடி மாதத்திலிருந்து மாலைகளில் தானே பிரித்துப் பிரித்து மாட்டுகிறார். எஞ்சின் ஓடுகிறது. துருப்பிடித்த இடங்களுக்குப் புதுத் தகடு வைத்தாயிற்று. பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டியும் ஆயிற்று. இனி புதுப் பெயிண்ட். அடிப்பது பெயிண்டர் அந்தோணி. வாங்கி வருவது நானாம்.

"நீங்களே போயி வாங்குங்களேன்."

"நெறமெல்லாம் நீதான் பாத்து எடுப்ப. பொடவை எடுக்கற கை."

என் புடவைத் தேர்வைக் கல்யாணமான நாளிலிருந்து கிண்டல் செய்கிற மனிதர். சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா?

பெட்ரோல் ஊற்றும் வாய்க்கு மேலே இருக்கும் சின்ன மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். எல்லோரும் இதைத்தான் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுவார்களாம். "இதே நீலம். வேற எதுவும் பேசாத."

எனக்கு அது பச்சையாகத் தெரிகிறது.

நவ. 10, திங்கள்

அலுவலகம் விட்டு நேராகப் பெயிண்ட் கடை. ஈர மண் வாசனையை மீறித் தின்னர் வாசனை. தலைவலி.

கடைக்காரர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பச்சைதானக்கா?"

"நீலம்னு சொன்னாங்க."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரங்க."

"அப்ப அவங்களையே கூட்டிட்டு வாங்க. கலந்துட்டா திருப்பி எடுக்க மாட்டோம். அப்புறம் ரெண்டு பேரும் இங்க வந்து சண்டை போடுவீங்க."

டியூப்லைட் வெளிச்சத்தின் கோளாறு என்று நினைத்துத் தெருவுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். பச்சைதான். பாசி படிந்த குளத்துத் தண்ணீர் மாதிரி. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் நீலம் என்றுதான் இருக்கிறது. நிறத்தை மாற்றினால் அதையும் மாற்ற அலைய வேண்டும்.

பெயிண்டில் இரண்டு வகையாம். குறித்துக்கொண்டவை:

என்.சி. – விலை குறைவு. சீக்கிரம் காயும். மழை ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூக்கும். நம் கடல் காற்றுக்குப் பளபளப்பு நிற்காது.

பி.யூ. – விலை கூட. கெட்டியாகப் பிடிக்கும். தூசி இல்லாத இடத்தில் அடிக்க வேண்டும். நம் வாசலில் அப்படி இடம்?

கடைக்காரர் சொல்வது பி.யூ. அந்தோணியிடம் போனில் கேட்டால், "அவரு விக்கிறவரு, அப்படித்தான் சொல்லுவாரு. என்.சி.யே போதும்க்கா, நான் அடிக்கிறதுல இருக்கு." இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம்: பிரைமரில் மிச்சம் பிடிக்காதே.

ஒன்றும் வாங்கவில்லை. கீரை மட்டும் வாங்கி வந்தேன்.

நவ. 11, செவ்வாய்

மூடி கைப்பைக்குள்ளேயே. மதியம் சாப்பிடும்போது பக்கத்து மேஜை மேரியிடம் காட்டினேன்.

"பச்சை. இதுல என்னடி சந்தேகம்? ஒனக்குக் கண்ணாடி மாத்தணும்."

என் கண்தானோ? வயது நாற்பத்தாறு. கொஞ்ச நாளாக ஊசியில் நூல் கோக்க வரவில்லை. மேரிக்கும் கடைக்காரருக்கும் பச்சை, எனக்கும் பச்சை. இவருக்கு மட்டும் நீலம். பிறகு எதற்கு என் கண்ணைச் சந்தேகப்படுகிறேன்? பழக்கம். கார் விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பழக்கம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள அதே கீரை.

நவ. 12, புதன்

விடாத தூறல். துணி காயவில்லை.

நாத்தனாருக்குப் போன். சுற்றி வளைத்துக் கேட்டேன், கார் என்ன நிறம் என்று.

"நீலந்தான் அண்ணி. ஏன், மாத்தப் போறீங்களா? கறுப்பு மட்டும் வேணாம். ஏற்கெனவே சனீஸ்வரன் பக்கத்துலயே உக்காந்திருக்காரு, வண்டில வேற ஏத்தாதீங்க."

சிரித்தேன். மூடி பச்சையாக இருக்கிறதே என்றேன்.

"அந்த மூடிதான் எங்க வீட்டுலயே துருப்பிடிச்சு விழுந்துடுச்சே! அண்ணன் நாகூர்ல பழைய இரும்புக் கடையில தேடி எடுத்திச்சாம். அதே நெறத்துல கெடச்சிருச்சுன்னு போன்ல ஒரே பெருமை."

அதே நிறத்தில்.

போனை வைத்த பிறகு அடுப்படியில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது.

போன மாதம் சின்னவள் சொன்னாள்: "டியூஷனுக்குப் போறப்ப அப்பா பள்ளம் பாத்து ஓட்ட மாட்டேங்குறாங்கம்மா." நான் அவளைத்தான் அதட்டினேன். இவருக்குச் சர்க்கரை மருந்து தரும் டாக்டர் ஒவ்வொரு முறையும் கண்ணைக் காட்டச் சொல்கிறார். "கண்ணுக்கு என்ன, கழுகு மாதிரி இருக்கு" என்று இவரும் ஒவ்வொரு முறையும்.

கேட்டால் கோபப்படுவார். கேட்காவிட்டால்? தினமும் மாலை அந்த பைபாஸ் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே, பைக்கில் பின்னால் குழந்தை.

நவ. 14, வெள்ளி

இன்றாவது வெயில். கடையில் இரண்டு தகரத் துண்டுகளில் அடித்துத் தரச் சொன்னேன். ஒன்று மூடியின் பச்சை. ஒன்று இந்தக் கார் வந்த காலத்து நீலம், கம்பெனி அட்டையைப் பார்த்துக் கலந்தது. கடைக்காரர் முனகினார், ஆனால் செய்து கொடுத்தார்.

நவ. 15, சனி

மதியம், நல்ல வெயிலில், இரண்டு தகரத்தையும் கார் பானெட் மேல் வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"எது வேணும்னு சொல்லுங்க."

கிட்டே போனார். எடுத்தார். சாய்த்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு வாங்கின?"

சின்னவள் படியிலிருந்து சிரித்தாள். "அய்யோ அப்பா, ஒண்ணு பச்சை!"

அவரும் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. தகரங்களை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வெகுநேரம் குழாய் ஓடுகிற சத்தம்.

டியூஷன் நேரம். பைக் சாவியை எடுத்தவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். சாவியைப் பழையபடி ஆணியில் மாட்டினார். "மழை வர்ற மாதிரி இருக்கு. இன்னிக்கு நீ ஸ்கூட்டில கொண்டுபோய் விட்டுடு."

வானத்தில் ஒரு மேகம் இல்லை.

"ஆமாங்க, வரும்போலத்தான் இருக்கு" என்றேன்.

வண்டியைத் தெருவில் இறக்கும்போது பின்னாலிருந்து குரல்: "கலா, திங்கக்கெழம ஒனக்கு லீவு கெடைக்குமா?"