மூன்று முறை ஒரே பெயர்

என் அன்பு அக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நெம்மேலியில் எல்லோரும் சௌக்கியம். நான் செங்கல்பட்டு நூலகத்தில்தான் இருக்கிறேன். நூல் பட்டியலை இணையத்தில் ஏற்றுகிற அதே வேலை. அந்தப் பட்டியலைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்க்கரையால் கண் போன பிறகு மீன் விற்கப் போவதை நிறுத்திவிட்டாய். தொடர்கதைகளை ஒரு வாரம் விடாமல் படித்தவள் நீ. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதியை உன் மகள் கலா போனில் போட்டுக்கொடுத்தாள். அதை வைத்து எங்கள் பட்டியலில் நீயே தேடி ஒரு நாவலுக்குப் பதிவு செய்தாய். மாமல்லபுரத்தில் பஸ் மாறி, கலாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் மேஜை முன்னால் வந்து நின்றாய்.

கலா படித்துக் காட்டுவாள்போல என்று நினைத்து, பதிவில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். நீ தடவிப் பார்த்தாய்.

"இன்னாடா இது, காயிதமா கீது? கேக்கற பொஸ்தகம் இல்ல எனுக்கு வேணும்?"

"அச்சு, சிடி, நெட்ல கேக்கறது, மூணும் இருக்குக்கா. எது எதுன்னு பக்கத்துல படம் போட்டிருக்கேனே."

"படமா? போனு ஒரே பேர மூணு தபா சொல்லிச்சு. நடுவுல கீறத அமுக்கினேன். எனுக்கு எப்டிடா தெரியும்?"

அந்தப் படங்கள் என் யோசனை. வார்த்தை போட்டால் திரை நெரிசலாகிவிடும் என்று ஒரு சின்னப் புத்தகம், ஒரு வட்டத் தட்டு, ஒரு ஹெட்போன் வரைந்து போட்டோம். கூட்டத்தில் பாராட்டினார்கள். போன் வாசிக்க அந்தப் படங்களுக்குப் பின்னால் ஒரு சொல்கூட இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு சிடியைக் கொடுத்து அனுப்பினேன். படங்களை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். பிறகு இரண்டு முறை போனில் கேட்டாய். மேலிடத்தில் கேட்டிருக்கிறேன் என்றேன். கேட்டிருக்கவில்லை, அக்கா. வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்ளலாம். பாராட்டு வாங்கிய படங்களை எடுக்க மனம் வரவில்லையோ என்னவோ.

மூன்றாவது முறை நீ கேட்கவில்லை. மாறிவிட்டது என்று நினைத்தாயா, இவன் செய்யமாட்டான் என்று விட்டுவிட்டாயா?

உன் கருமாதி முடிந்த திங்கட்கிழமை, படங்களை மாற்ற அனுமதி கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். "படம் நல்லாதானே இருக்கு, யாரு புகார் பண்ணது?" என்றார் அதிகாரி. உன் பெயரையும் நெம்மேலி விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். நீ இல்லை என்பதை எழுதவில்லை.

அனுமதி வந்தது. படத்துக்குப் பதில் சொல் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். நூல்களும் சிடிகளும் வைத்திருந்த பெட்டிகளைத் திறந்தால் எல்லாம் கலந்து கிடந்தது. பின்னட்டைப் பையில் சிடி இருந்த புத்தகங்களை வெறும் புத்தகம் என்று பதிந்திருந்தோம். சிடி என்று மட்டும் எழுதியிருந்ததில் பாதி பார்க்கிற படம், பாதி கேட்கிற கதை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பிரித்தோம். இணையத்தில் படிப்பது வேறு, கேட்பது வேறு என்றும் தனித்தனியாக எழுதினோம்.

போன சனிக்கிழமை கலா வந்தாள். நாவலூரில் வேலைக்குப் போகிறாள் இப்போது. நீ தேடிய நாவலைப் போனில் தேடிவிட்டு, அதை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். போன் வாசித்தது: பெயர், அச்சுப் புத்தகம். பெயர், ஒலிநூல், சிடி. பெயர், ஒலிநூல், இணையத்தில் கேட்க.

"இப்ப சொல்லுது மாமா," என்றாள். பிறகு, "அம்மா இருக்க சொல்லோ செஞ்சிருக்கலாம்ல?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

அடுத்த மாதம் வார இதழ்களையும் பட்டியலில் ஏற்றப் போகிறோம். திரையை அணைத்துவிட்டு, காதால் கேட்டு எனக்கே புரிந்த பிறகுதான் ஒவ்வொன்றையும் வெளியே விடுவேன். இந்த முறை அதை மேலிடத்துக்கு ஏற்கெனவே எழுதியும் கொடுத்துவிட்டேன், அக்கா.

உன் கூடப்பிறந்த
தம்பி