தோணித்துறை லாந்தர் எரிகிறது

உன்னுடைய பேனா இப்போது என் மேசையில் இருக்கிறது. உன் அம்மா தந்தார். பின்முனையில் உன் பல் பதிந்த தடங்கள் அப்படியே உள்ளன. யோசிக்கும்போதெல்லாம் அதைக் கடிப்பாய். நான் சொல்லப்போவதைக் கேட்டால் கடித்து நொறுக்கியே இருப்பாய். நம் கணினி விளையாட்டின் கடைசிப் பின்னணிப் படம் முடிந்துவிட்டது. விளக்கு எரிகிறது.

நிரலை நீ எழுதினாய், படங்களை நான் வரைந்தேன். வாவிக்கரைத் தோணித்துறையில் ஒரு லாந்தர். ஒரு பெண் அதை ஏற்றினால்தான் தோணி புறப்படும். ஆனால் அந்த லாந்தரை என்னால் எரியவைக்க முடியவில்லை. ஒளி என்றால் வெள்ளை என்று நினைத்து, வெள்ளைக்கு மேல் வெள்ளையாகப் பூசினேன். நீ திரையை எட்டிப் பார்த்தாய்.

“இது லாந்தரா, அவிச்ச முட்டையா?”

“உனக்குப் பசி. அதான் அப்பிடித் தெரியுது.”

“பாக்கிற ஆக்கள் கண்ணைச் சுருக்கணும். அதுவரைக்கும் இதை விளையாட்டுக்குள்ள போடமாட்டன்.”

அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாளில் நீ போய்விட்டாய். அந்தப் படத்தை நான் திறக்கவேயில்லை. பாடசாலைக் கண்காட்சிக்கு விளையாட்டைக் கேட்டார்கள். முடியாத ஒன்றை உன் பெயரோடு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற வாரம் கல்லறைத் திருநாள். உன் அம்மா என்னையும் சேமக்காலைக்குக் கூட்டிச்சென்றார். பொழுது சாய்ந்திருந்தது. உன் கல்லறையில் நான் மெழுகுதிரி ஏற்றினேன். வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது.

“கையால மறைச்சுப் பிடி புள்ள, நூந்திடும்,” என்றார் அம்மா.

மறைத்துப் பிடித்தேன். சுடர் வெளிர்மஞ்சள்தான், என் விரல்களின் ஓரமோ செக்கச்சிவந்து எரிந்தது. சுற்றியிருந்த கற்கள் இருண்டிருந்ததால்தான் சுடர் அப்படி ஒளிர்ந்தது. உடனே ஓடிப்போய் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. உன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து வெள்ளையெல்லாம் அழித்தேன். வானத்தையும் தண்ணீரையும் இருட்டாக்கினேன். லாந்தர்க் கண்ணாடிக்குள் மட்டும் வெளிர்மஞ்சள், அதைச் சுற்றிச் செம்மஞ்சள், விளிம்பில் சிவப்பு. அதே நிறத்தை ஈரப்பலகையிலும் தோணி ஓரத்திலும் விளக்கேற்றுகிறவளின் விரல்களிலும் தொட்டுத் தொட்டு வைத்தேன். தண்ணீரில் ஒரு நீண்ட கோடு, அலையில் உடைந்து உடைந்து.

இன்று பின்னேரம் உன் அம்மாவிடம் காட்டினேன். உன் முட்டைக் கதையோ, கண் சுருக்கும் கதையோ அவருக்குத் தெரியாது. சாரித் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். கண்ணைச் சுருக்கினார்.

“கூசுது புள்ள.”

படத்தை உள்ளே போட்டேன். தோணி புறப்பட்டது. நாளைய கண்காட்சியில் உன் பெயர்தான் முதலில் வரும்.

அடுத்து மின்மினிகள் வரையலாம் என்று நினைக்கிறேன். அவற்றின் ஒளி பச்சையா மஞ்சளா என்று யோசித்தபடி பேனாவைப் பார்த்தேன். உன் பல் தடங்களுக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு. என்னுடையவை.