மாசிவ் என்பதற்கு நான் சொன்ன தமிழ்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரே சேறு, செருப்பு வார் அறுந்துவிட்டது. ஊக்கு போட்டுச் சமாளித்தேன். வாங்க வேண்டியவை: செருப்பு, துவரம்பருப்பு, பாப்பா நோட்டுக்குப் பிரவுன் அட்டை.

ஸ்கேன் சென்டரில் கூட்டம். எக்ஸ்ரே மட்டும் ஏகப்பட்டது. படமெல்லாம் நெட்டில் சேலம் டாக்டருக்குப் போகும். அவர் பார்த்துவிட்டுப் பேசி அனுப்புவார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரிப்போர்ட் அடிப்பது என் வேலை. இன்று அவருக்கு ஜலதோஷம். தும்மலுக்கு நடுநடுவே ரிப்போர்ட்.

டைப்பிங் போக இன்னொரு வேலையும் பார்க்கிறேன். யாரும் கொடுத்ததில்லை. கவுன்ட்டரில் நஸீமாவிடம் கவரை வாங்கியதும் எல்லோரும் நேராக என்னிடம்தான் வருவார்கள். "இன்னாங்க எழுதிகீது?" விளக்கம் சொல்லக் கூடாது என்று மேனேஜர் சுவரில் ஒட்டியே வைத்திருக்கிறார். சொல்வேன். பி.ஏ. இங்கிலீஷ் படித்ததற்கு இந்த ஊரில் எனக்குக் கிடைக்கும் ஒரே மரியாதை.

என் அகராதி:
டைனி, மினிமல் – ஒண்ணுமில்லீங்க.
மைல்டு – அதுவும் ஒண்ணுமில்லாத மாதிரிதான்.
மாடரேட் – லேசா.
லார்ஜ், க்ரோஸ், மாசிவ் – கொஞ்சம்.
ப்ராமினென்ட் – பெரிசு என்று சொல்ல டாக்டருக்கே துணிச்சல் வராதபோது போடுவது.
பல்கி – கர்ப்பப்பைக்கு. ஈரல் பெரிதானால் என்லார்ஜ்டு. பல்கி ஈரல் இதுவரை நான் அடித்ததில்லை. ஏன் சார் என்று ஒருநாள் கேட்டேன். "அப்படித்தான்மா எழுதுவோம்."

எதையும் ஒரு படி இறக்கிச் சொல்வது. பாவம், பயந்துபோய் நிற்கிறார்களே. நஸீமா: "நீ சொல்றதக் கேட்டா எல்லாரும் நாளைக்கே கபடி ஆடலாம் போலக்கீதுடி." சிரித்தோம்.

மதியம் கரியாலூரிலிருந்து புருஷனும் பெண்சாதியும். அண்ணாமலை, பூங்கொடி. மலையில் மரவள்ளி போடுகிறவர்கள். அவளுக்கு முப்பது இருக்கும். நாற்காலியில் முன்னால் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள். ரிப்போர்ட்டில் இடது நுரையீரலைச் சுற்றி நீர், மாசிவ். அந்த வார்த்தையை மட்டும் டாக்டர் இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

"கொஞ்சம் நீர் கோத்துக்கினு இருக்குங்க. பயப்படாதீங்க."

"படம் எடுக்க எழுதிக் குடுத்த டாக்டரு சாய்ங்காலம்தான் வருவாராம். அதுக்குள்ள மலைக்குப் போற பஸ்ஸு பூடும். திங்கக்கெழம வந்து காட்டிக்கலாமாங்க?" என்றார் அண்ணாமலை.

"கொஞ்சம்தானே" என்றேன். போங்கள் என்று சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன், எலுமிச்சை சாதம். அவர் கும்பிட்டுவிட்டு அவளை எழுப்பிக் கூட்டிப் போனார்.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. புதுச் செருப்பு கடிக்கிறது.

காலையில் சேலம் டாக்டர் போன், வேறு எதற்கோ. வைக்கும்போது, "நேத்து அந்த மாசிவ் லேடி, உடனே அட்மிட் ஆயிட்டாங்கள்ல?"

"ஆமா சார்."

எப்படி வந்தது அந்த ஆமா? யோசிக்கவே இல்லை.

அண்ணாமலை கொடுத்திருந்த நம்பருக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மதியமும் அதே. சாயங்காலமும் அதே.

தெரியாமல் சொல்லவில்லை, அதுதான் அசிங்கம். காலேஜில் இதையே பரீட்சைக்கு எழுதினேன். பிக் என்பது வீட்டுப் பேச்சு. லார்ஜ் அளந்து சொல்வது, சட்டைக்கும் முட்டைக்கும். ஹ்யூஜ், கண்ணை அகல விரித்துச் சொல்வது. மாசிவ் என்றால் அளவோடு கனமும் சேர்ந்தது, மேலே விழுந்தால் அமுக்கும். மேடம் என் பேப்பரை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அந்த அமுக்கலைத்தான் ஒருத்தி நெஞ்சில் வைத்துக்கொண்டு என் எதிரே குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் இவர்: "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"லேசா தலவலி."

நவம்பர் 8, சனி

நம்பர் கிடைக்கவில்லை. பருப்பு மறந்தேன்.

நஸீமாவிடம் சொன்னேன். ஏதாவது கிண்டல் செய்வாள், மனசு ஆறும் என்று பார்த்தேன். செய்யவில்லை. "உனுக்கு யாருடி டாக்டர் பட்டம் குடுத்தது?" என்றாள். பிறகு, "நாளைக்கு லீவுதானே. பஸ் ஏறிப் போய்ப் பாரு."

"மேனேஜர் கிட்ட?"

"சொல்லு. அதுக்கு மின்ன போ."

மேனேஜரிடம் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்பதுதான் முதல் பயம். பூங்கொடி இரண்டாவது. இங்கேயாவது உள்ளபடி எழுதுகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கரியாலூர் பஸ். வீட்டில் சொன்னது: நஸீமா சொந்தக்காரர் வீட்டு விசேஷம். மேலே ஏற ஏறக் குளிர், ஜன்னலை மூட முடியவில்லை. அருவிக்குப் போகும் பையன்கள் வழியெல்லாம் பாட்டு. டீக்கடையில் விசாரித்தேன். "எந்த அண்ணாமல? சம்சாரத்துக்கு ஒடம்பு ரொம்ப முடியல, அவுரா?"

உயிரோடு இருந்தாள். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து. உதடெல்லாம் நீலம்.

அண்ணாமலை துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஸ்கேன் மேடம் வந்துகீறாங்க பாரு! லீவு நாளுல இம்மாந் தூரம்! யாருங்க இப்பிடி செய்வாங்க?" காபி வைக்கப் பால் பாத்திரத்தை எடுத்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"அண்ணா, நான் தப்பா சொல்லிட்டேன். கொஞ்சம் இல்லீங்க, ரொம்ப ஜாஸ்தி. ஒரு பக்கம் பூரா நீர்தான். இப்பவே கீழ போவணும்."

பாத்திரத்தைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஜீப் கேட்க ஓடினார்.

கீழே, எங்கள் கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரி. டியூட்டி டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சத்தம் போட்டார். "வியாழக்கெழம எடுத்த படம்யா இது! இவ்ளோ நாளா வூட்ல வச்சிக்கினு இன்னா பண்ண? படிச்சவங்க யார்னா ஒருத்தர கேக்க மாட்ட?"

"தப்புதாங்க. நாங்கதான் அசால்ட்டா இருந்துட்டோம்" என்றார் அண்ணாமலை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் பக்கத்திலேயே இருந்தேன், அவர்கள் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு. படிச்சவள். வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். துவைத்தது காய்ந்தது.

ஊசி போட்டு நீரை எடுத்துவிட்டார்கள். நேற்றுதான் மல்லாந்து படுத்துத் தூங்கினாளாம். டி.பி.யாக இருக்கலாம், மாத்திரையில் சரியாகும் என்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரெட், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அந்த டியூட்டி டாக்டரைத் தேடினேன், உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று. ஷிஃப்ட் மாறிப் போய்விட்டார். போய்விட்டார் என்றதும் எனக்கு நிம்மதி. என்ன பிறவி நான்.

அண்ணாமலை மாத்திரை வாங்கப் போயிருந்தார். அவளும் நானும் மட்டும். மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். வாயில் வந்தது வேறு.

"அன்னிக்கே மூச்சு முட்டுதுன்னு நீங்களாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் குரலில் கோபம் இல்லை.

"சொன்னேங்க. பஸ்ஸுலயே சொன்னேன், வூட்லயும் சொன்னேன். 'மேடமே கொஞ்சம்னு சொல்லிட்டாங்க, நீ ஏன் பெருசு பண்ற'ன்னாரு. படிச்சவங்க சொன்னதுக்கு மேல நான் இன்னாங்க சொல்றது? அப்பறம் எனுக்கே சந்தேகம் வந்துடுச்சி, நாமதான் நடிக்கிறமோன்னு."

பிரெட்டைப் பிரித்து முதல் துண்டை எனக்கு நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. வாங்கித் தின்றேன்.