மூன்று பேர் தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? எழில் ராத்திரியில் என்னைத் தேடுகிறாளா? மறைக்காமல் எழுதுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. பயப்படாதீர்கள். மேடவாக்கத்தில் கம்பெனி எனக்குத் தந்தது சோதனை வீடு. ஒரு குடும்பம் குடியிருந்தால் கரண்ட் எவ்வளவு மிச்சமாகிறது, கழிவுநீர் எவ்வளவு சுத்தமாகிறது என்று மீட்டர் வைத்து அளக்கிறார்கள். நீங்களும் எழிலும் வருவதாகச் சொல்லித்தான் வாங்கினேன். கோழிகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று நீங்கள் வரவில்லை. அதைக் கம்பெனியில் சொல்லப் பயந்து, மீட்டரில் மூன்று பேர் தண்ணீர் காட்டட்டுமென்று தினமும் குழாயைத் திறந்துவிட்டேன்.

கழிவுநீர்த் தொட்டியைப் பார்க்க வந்த உமர் மூடியைத் திறந்ததும் தலையில் கைவைத்தார்.

“இன்னாக்கா இது? வெறும் நல்ல தண்ணியா வந்துகினு கீது! அழுக்கத் தின்ற கிருமியெல்லாம் பட்டினில செத்துப்போச்சு. வூட்ல கொயந்த கீதுன்ன, ஒரு சோப்பு நுரைகூட காணோமே?”

சிரித்தேன் அம்மா. சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை மேனேஜர் வருகிறார். குடும்பம் இல்லையென்றால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மறுபடி ஹாஸ்டல்தான், அங்கே பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. என்னால் இனி அவளைப் பிரிந்திருக்க முடியாது.

கோழிகளைப் பக்கத்து வீட்டில் விடுங்கள். சனிக்கிழமை ரயிலில் ஏறுங்கள், தாம்பரத்தில் நிற்பேன். எழிலின் அழுக்குத் துணிகளைத் துவைக்காமல் அப்படியே மூட்டை கட்டுங்கள். இங்கே நான் துவைக்கிறேன்.

அவசரமாக,
கிறிஸ்டினா