தண்ணி ஆகாது

அத்தை,

மத்தியானம் குசினியில் அம்மா பத்தியத்துக்குப் பெருங்காயமும் மிளகும் வறுத்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். செத்துப்போனவர் வரமாட்டார், எனக்குத் தெரியும். ஆனால் மலரின் தலைமாட்டில் காலையில் நான் வைத்த தண்ணீர்ச் செம்பைக் காணவில்லை. வந்துதான் இருக்கிறீர்கள்.

மலர் என் மனைவி. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்று, இன்றுதான் ஸ்கந்தபுரத்து வீட்டுக்கு வந்தாள். உங்களுக்கு அவளைத் தெரியாது. நல்லது.

"அம்மா, செம்பு எங்க?"

"பச்சை உடம்படா. தண்ணி ஆகாது. அத்தை இருந்திருந்தா விட்டிருப்பாவோ?"

இல்லாத உங்களுக்கு இந்த வீடு இன்னும் பயப்படுகிறது.

இதே அறையில்தான் அக்காவும் தன் பிள்ளையோடு படுத்திருந்தாள். நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், புண் ஆறாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். இதெல்லாம் நீங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வரும்போது கையோடு கொண்டுவந்த சட்டம். காலையில் அரைக் கிளாஸ் வெந்நீர், பின்னேரம் அரைக் கிளாஸ். இரத்தப்போக்குக்கு அவள் கட்டிய துணிகள் ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாது என்று மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், வெயில் விழாத மூலையில் போட்டீர்கள். அவை காயவே இல்லை. ஈரத்தோடுதான் திரும்பக் கட்டினாள்.

மிட்வைஃப் மிஸ் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "நல்லாத் தண்ணி குடிக்க வேணும். துணியை வெயில்ல போடுங்கோ. உங்கட ஆக்களுக்கு எத்தினை தரம் சொல்லுறது?"

"சரிங்க மிஸ்" என்று தலையை ஆட்டினீர்கள். செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அக்காவின் தலைமாட்டில் வைத்தீர்கள். மிஸ்ஸின் ஸ்கூட்டி வாசல் படலையைத் தாண்டியதும் செம்பு குசினிக்குத் திரும்பியது.

"உங்கட ஆக்களாம்! அவ சொல்றதக் கேட்டா மட்டும் நம்மள அவ வீட்டுக் கதிரையில உக்கார வைப்பாளா?"

கேள்வி நியாயமானதுதான். வைக்கமாட்டார். அதற்கும் அக்காவின் தண்ணீருக்கும் என்ன தொடர்பு? அவமானம் உங்களுக்கு, தாகம் அவளுக்கா?

காய்ச்சல் வந்தது. உதடு வெடித்து, பேச்சுக் குழறிய பிறகுதான் ஓட்டோ பிடித்தோம். "உங்கட வீட்டில கிணறு இல்லையோ?" என்று டொக்டர் கேட்டார். கிணறு இருந்தது. நிறைந்து கிடந்தது. புண்ணில் கிருமி, உடம்பில் தண்ணீர் இல்லை, இரண்டும் சேர்ந்து சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டன. அக்கா பிழைத்தாள். அவை தேறவில்லை.

நான் தண்ணீர் வேலை படித்தது அதனால்தான். இன்று பரந்தன், முரசுமோட்டைப் பக்கமெல்லாம் குழாய் போடுகிறேன், குளோரின் அளக்கிறேன். ஊர்ச்சேவை என்கிறார்கள். சேவையுமில்லை, மண்ணுமில்லை. உங்கள் மேல் உள்ள கோபம்.

பிறகு உங்கள் முறை வந்தது. குடலில் ஒப்பரேஷன். வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று கட்டிலில் அட்டை தொங்கியது. பக்கத்தில் நான் இருந்தேன்.

"தம்பி, நாக்கு ஒட்டுதுடா. ஒரு சொட்டு."

டொக்டர் மறித்திருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மையும். நான் குனிந்து உங்கள் காதுக்குள் சொன்னேன்: "பச்சை உடம்பு அத்தை. தண்ணி ஆகாது."

எனக்கு வருத்தமில்லை. அந்த வசனத்தை அத்தனை வருடம் பொத்தி வைத்திருந்தேன். அழுவீர்கள், இல்லையென்றால் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"ரெண்டாம் நாளுதான்டா கஷ்டம். அப்புறம் நாக்கு மறந்துரும்."

தோட்டத்து லயத்து அறையில், நீங்கள் பிள்ளை பெற்றபோது, உங்களையும் யாரோ அப்படிக் கிடத்தியிருக்கிறார்கள். கேட்பவர்கள் உங்கள் மேல் இரங்கக்கூடும். எனக்குக் கோபம் இரட்டித்தது. தெரியாமல் செய்தீர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தாகம் எந்த நாளில் உச்சத்துக்கு ஏறும் என்பது வரைக்கும் தெரிந்துகொண்டு அக்காவின் செம்பை எடுத்திருக்கிறீர்கள். மறுநாள் போயும் விட்டீர்கள். தெரிந்தும் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க எனக்கு ஆளில்லை.

அதனால் இன்று மலரின் அறைச் சுவரைத் துளைத்துத் தண்ணீர்ப் பைப் பொருத்தினேன். செம்பை யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். பைப்பைக் குசினிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

"விசரா உனக்கு? அத்தையின்ர படத்துக்குக் கீழயே ஓட்டை போடுறாய்! வேற இடம் கிடைக்கேல்லையோ?"

"அந்த இடந்தான் வேணும், அம்மா."

பின்னேரம் அக்கா பிள்ளையைப் பார்க்க வந்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டொக்டர் இப்போது அவளுக்கு அளந்து வைத்திருக்கிறார். அதற்கு மேல் சிறுநீரகம் தாங்காது. நீங்கள் தொடங்கிய அளவை அவர் தொடர்கிறார், அவ்வளவுதான்.

பைப்பைத் திறந்தாள். விழுகிற தண்ணீரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டை நாக்கால் நனைத்தாள். பிறகு கிளாஸை நிரப்பி மலரிடம் நீட்டினாள்.

"குடி. நிப்பாட்டாமல் குடி."

மலர் குடித்தாள். அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

நாக்கு மறக்காது, அத்தை. அக்காவின் நாக்கு மறக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும் அந்த வெடித்த உதடு மறக்கவில்லை. உங்கள் படத்தைக் கழற்றிவிடச் சொல்லி அக்கா கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அங்கேயே தொங்குங்கள். மலர் குடிக்கிற ஒவ்வொரு மிடறும் உங்களுக்குக் கேட்கவேண்டும்.