டீக்கடை பெஞ்சு

12.8.83, வெள்ளி இரவு

காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பெரியவரை ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்கவே முடியவில்லை. அவசரப் பிரிவில் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. வராந்தாவில் என் ஸ்ட்ரெச்சரிலேயே அவரைக் கிடத்திவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் இல்லாத ஆம்புலன்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதற்குள் கனகசெட்டிக்குளத்திலிருந்து போன் வந்தது. படகு தள்ளும்போது ஒரு மீனவருக்குக் கால் முறிந்துவிட்டதாம்.

போய் நின்றதும் அங்கிருந்த டீக்கடைக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "எதுல படுக்க வெப்பீங்க?" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை எழுப்பிவிட்டு, கடை பெஞ்சைத் தூக்கி வண்டிக்குள் வைத்தார். கால் முறிந்தவரை அதில் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டி ஓட்டிவந்தேன். பள்ளத்துக்குப் பள்ளம் அவர் முனகியது இன்னும் காதில் இருக்கிறது.

சாயங்காலம் பெரியவருக்குக் கட்டில் கிடைத்தது; ஸ்ட்ரெச்சர் என் கைக்கு வந்தது. மீனவர் மட்டும் மாவுக்கட்டோடு வராந்தாவில், அதே பெஞ்சில்.

டீக்கடைக்காரர் பெஞ்சை எடுத்துப்போக பஸ் ஏறி வந்தார். மீனவர் அதில் படுத்திருப்பதைப் பார்த்தார்.

"கெடக்கட்டும்ண்ணே. எங்காளுங்க நின்னுக்கினே குடிப்பாங்க."

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், நானும் நின்றுகொண்டே ஒரு டீ குடிக்க வேண்டும்.